பெரிய இன்ஜெக்டர் மாட்டிய பின் ஈசியூவை மறுபடி டியூன் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களின் வண்டிகளை டியூன் செய்து தருகிறேன். அதாவது, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்று கட்டளையிடும் ஈசியூ என்ற இன்ஜின் கணினியின் எண்களைச் சரிசெய்கிறேன். "பெரிய இன்ஜெக்டர் போட்டேன், வண்டி முன்னைவிட மோசமா ஓடுது" என்று வாரத்துக்கு ஒருவராவது கூப்பிடுகிறார். ஆள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

பதில்கள் முழுக்க ஒரே வண்டியை உதாரணமாக வைத்துக்கொள்வோம். 1600 சிசி, நாலு சிலிண்டர், பின்னால் சேர்த்த டர்போ. ஈசியூ ஸ்பீடுயினோ: ஆர்டுயினோ மெகா போர்டில் ஓடும் திறந்த மூல ஈசியூ. அதன் எண்களை மாற்ற லேப்டாப்பில் டியூனர்ஸ்டுடியோ சாஃப்ட்வேர். பழைய இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 240 சிசி, புதியது 440. மெகாஸ்குவர்ட்டோ வேறு ஈசியூவோ வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான், திரையில் எண் போடும் பெட்டிகளின் பெயர்தான் மாறும்.

இன்ஜெக்டரை மட்டும் மாத்திட்டு அப்படியே ஓட்டினா என்னண்ணா ஆகும்? ஈசியூ தானா கத்துக்காதா?

கற்றுக்கொள்ளாது. எவ்வளவு பெட்ரோல் போனது என்பது ஈசியூவுக்குத் தெரியவே தெரியாது. இத்தனை மில்லிசெகண்ட் திற என்று மட்டும்தான் அது சொல்கிறது. 240 போகும் நேரத்தில் 440 போனால், ஒவ்வொரு முறையும் 83 சதவீதம் கூடுதல் பெட்ரோல் உள்ளே இறங்கும். வண்டி ஸ்டார்ட் ஆவதே சிரமம். ஸ்டார்ட் ஆனாலும் கறுப்புப் புகை, நனைந்த பிளக், சிலிண்டர் சுவரில் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு இறங்கும் பெட்ரோல் என்றுதான் போகும்.

ஆக்சிஜன் சென்சார் திருத்தம் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள். அது பத்து, இருபது சதவீதத் தவறைத் திருத்துவதற்காக வைத்தது. 83 சதவீதத்தை அது தாங்காது.

எத்தனை சிசி வாங்கணும்? ஒரேயடியா 1000 சிசி வாங்கிட்டா பின்னாடி கவலை இல்லையே?

டர்போ வண்டிக்குத் தோராயக் கணக்கு இது: ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 6.3 சிசி பெட்ரோல். 200 குதிரைத்திறன் இலக்கு என்றால் 1260 சிசி. நாலால் வகுத்தால் ஓர் இன்ஜெக்டருக்கு 315. இன்ஜெக்டரை முழு நேரமும் திறந்தே வைக்க முடியாது, 85 சதவீதத்துக்குமேல் போகக் கூடாது. 315-ஐ 0.85-ஆல் வகுத்தால் 370. இப்போது பங்க்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு இன்னும் 8 சதவீதம் சேர்த்தால் 400. அதனால்தான் 440.

85 சதவீதம் என்றால் என்ன என்பதை நேரமாகப் பார்த்தால் புரியும். 6000 ஆர்பிஎம்மில் இன்ஜினின் ஒரு முழுச் சுற்றோட்டம், அதாவது கிராங்க் இரண்டு முறை சுற்றுவதற்கு, 20 மில்லிசெகண்ட். 7000-ல் 17-தான். அந்த நேரத்துக்குள் திறந்து, ஊற்றி, மூடி முடிக்க வேண்டும்.

1000 சிசியின் சிக்கல் மேலே இல்லை, கீழே இருக்கிறது. நம் உதாரண வண்டி ஐடிலிங்கில் 240 சிசி இன்ஜெக்டரை ஏறத்தாழ 1.73 மில்லிசெகண்ட் அளவுக்குப் பெட்ரோல் ஊற்றச் சொல்லும். 440-ல் அது 0.95. 1000-ல் 0.42. இவ்வளவு குட்டி நேரத்தில் பல இன்ஜெக்டர்கள் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு ஊற்றுவதில்லை. ஐடிலிங் ஏறி இறங்கும், நீங்கள் ஈசியூவின் பெட்ரோல் டேபிளை மாற்றி மாற்றிப் பார்த்துக் களைத்துப்போவீர்கள். தேவைக்குச் சற்று மேலே வாங்குங்கள், அது போதும்.

சாக்கெட் வேற மாதிரி இருக்கு, ஓம்ஸ் பார்க்கணும்னு வேற சொல்றாங்க. கட் பண்ணி ஜாயின்ட் அடிச்சுட்டா போதாதா?

சாக்கெட் சின்ன விஷயம். அடாப்டர் வயர் கிடைக்கும், ஜாயின்ட் போட்டாலும் ஈயம் வைத்துச் சுருங்கு குழாய் போட்டால் சரி. ஓம்ஸ்தான் பெரிய விஷயம். மல்டிமீட்டரை எடுத்து இரண்டு பின்களுக்கு நடுவில் அளந்து பாருங்கள். 12 முதல் 16 ஓம்ஸ் என்றால் நேரடியாக மாட்டலாம். 2, 3 ஓம்ஸ் என்றால் நிறுத்துங்கள். 13 வோல்ட்டில் 2.5 ஓம்ஸ் 5 ஆம்பியர்வரை இழுக்கும். இன்ஜெக்டரை இயக்கும் சாதாரண டிரைவர் உள்ள போர்டு ஒரு ஆம்பியர் சொச்சத்துக்காகக் கட்டியது, அது எரியும். ரெசிஸ்டர் வைக்க வேண்டும், அல்லது பீக் அண்ட் ஹோல்டு டிரைவர் (திறக்க மட்டும் அதிகக் கரன்ட் கொடுத்து, பிறகு குறைத்துவிடுவது) வேண்டும். புதிதாக வாங்குபவர்கள் அதிக ஓம்ஸ் உள்ளதையே வாங்கிவிடுங்கள்.

மாட்டியாச்சு. சாவி போடறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

பழைய டியூன் ஃபைலை வேறு பெயரில் சேமியுங்கள். அடுத்தது கசிவு. ஓ-ரிங்கில் ஒரு சொட்டு ஆயில் தடவாமல் அழுத்தினால் அது மடிந்து வெட்டுப்படும். மாட்டும்போது தெரியாது, பிரஷர் ஏறியதும் தெரியும். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, பம்ப் ஓடி நின்றதும், ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேல் கழுத்திலும் கீழ்க் கழுத்திலும் வெள்ளை டிஷ்யூ பேப்பரைச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். ஈரமானால் அன்றைக்கு ஸ்டார்ட் கிடையாது. தீயணைப்பான் பக்கத்தில் இருக்கட்டும், டிக்கியில் பூட்டி வைக்காதீர்கள்.

ரெக்வயர்டு ஃபியூவல்ல என்ன நம்பர் போடறது? சாஃப்ட்வேர் கணக்குப் போட்டுக் குடுக்கறதை நம்பலாமா?

நம்பலாம், உள்ளே சரியான எண்ணைக் கொடுத்தால். ஒரு சிலிண்டர் முழுக்க நிரம்பினால் அதற்கு வேண்டிய பெட்ரோலை ஊற்ற எத்தனை மில்லிசெகண்ட் என்பதுதான் ரெக்வயர்டு ஃபியூவல். கணக்கு எளிது, ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். 1600-ஐ நாலால் வகுத்தால் சிலிண்டருக்கு 400 சிசி. அதில் நிரம்பும் காற்று ஏறத்தாழ 0.48 கிராம். 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்றால் 0.0327 கிராம், அதாவது 0.044 சிசி. 240 சிசி இன்ஜெக்டர் இதை ஊற்ற 11 மில்லிசெகண்ட் ஆகும், 440-க்கு 6. ஆக அந்தப் பெட்டியில் 11.0 இருந்த இடத்தில் 6.0 வர வேண்டும். பழைய எண்ணை 240-ஆல் பெருக்கி 440-ஆல் வகுத்தாலும் அதே விடைதான்.

இன்ஜெக்டர் அட்டையில் போட்டிருக்கும் சிசி எந்தப் பிரஷரில் அளந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் 3 பார். உங்கள் ரெகுலேட்டரும் அதே பிரஷரைக் கொடுக்கிறதா என்று கேஜ் மாட்டிப் பார்த்துவிட்டு எண்ணைப் போடுங்கள்.

நான் ரெக்வயர்டு ஃபியூவலைத் தொடாம, வீ.ஈ. டேபிளை மொத்தமா 45 சதவீதம் குறைச்சுட்டேன். வண்டி நல்லாத்தான் ஓடுது. இதுல என்ன தப்பு?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். வீ.ஈ. டேபிள் என்பது இன்ஜினின் மூச்சு. இந்த ஆர்பிஎம்மில், இந்த அழுத்தத்தில், சிலிண்டர் எவ்வளவு நிரம்புகிறது என்பதுதான் அதில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும். நீங்கள் கேமை மாற்றவில்லை, ஹெட்டைத் தொடவில்லை. மூச்சு மாறாதபோது எண் ஏன் மாற வேண்டும்? மாறியது இன்ஜெக்டர். இன்ஜெக்டரின் விவரம் இன்ஜெக்டருக்கான பெட்டிகளில் போக வேண்டும்: ரெக்வயர்டு ஃபியூவல், டெட் டைம், வோல்டேஜ் திருத்தம்.

நடைமுறை நஷ்டமும் உண்டு. ஸ்பீடுயினோவின் வீ.ஈ. டேபிள் முழு எண்களைத்தான் வாங்கும். 30 இருந்த இடம் 16 ஆகிவிட்டால், 16-லிருந்து 17-க்கு ஒரு படி ஏறினாலே 6 சதவீதம் பெட்ரோல் கூடுகிறது. நடுவில் நிறுத்த இடமில்லை. இன்னொன்று, ஒழுங்கான டேபிளில் ஏதாவது ஒரு இடத்தில் எண் பொருத்தமில்லாமல் நின்றால் கண்ணில் படும். வாக்குவம் லீக்கையோ பிரஷர் குறைவதையோ அதை வைத்தே பிடிக்கலாம். எல்லாவற்றையும் நசுக்கிய டேபிளில் எந்த எண்ணுக்கும் அர்த்தம் இருக்காது. பழைய ஃபைல் இருக்கிறதல்லவா, அதைத் திரும்ப ஏற்றி 6.0 போட்டுத் தொடங்குங்கள்.

டெட் டைம்னா என்னங்க? எல்லாரும் 1.0னு போடறாங்க, நானும் போட்டுட்டேன்.

மின்சாரம் போனதும் இன்ஜெக்டர் ஊசி உடனே எழும்பாது. காயிலில் காந்தம் ஏறி, ஸ்பிரிங்கையும் பெட்ரோல் அழுத்தத்தையும் மீறித் தூக்க நேரம் பிடிக்கும். மூடும்போதும் கொஞ்சம் நேரம் போகும். திறக்கும் தாமதத்திலிருந்து மூடும் தாமதத்தைக் கழித்தால் மிஞ்சும் வீண் நேரம்தான் டெட் டைம். அதை ஈசியூ ஒவ்வொரு துடிப்பிலும் மேலே சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இன்ஜெக்டர் பெரிதானால் இது ஏன் பூதாகரமாகிறது என்று பாருங்கள். டெட் டைமில் 0.2 மில்லிசெகண்ட் தவறு இருந்தால், பழைய 240-ல் ஐடிலிங்கில் 1.73-க்கு 0.2, அதாவது 12 சதவீதம். புதிய 440-ல் 0.95-க்கு 0.2, 21 சதவீதம். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்திருக்கும்போது அதே 0.2 இரண்டு சதவீதம்கூட இருக்காது. அதனால்தான் "டாப்ல சூப்பரா போகுது, சிக்னல்ல நின்னா ஆஃப் ஆகுது" என்ற புகார் வருகிறது.

அடுத்தது வோல்டேஜ். 14 வோல்ட்டில் 0.9 இருக்கும் இன்ஜெக்டர், செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 10 வோல்ட்டுக்கு இறங்கினால் அதைவிட வெகு நேரம் எடுக்கும். ஒரே எண் போதாது, வோல்டேஜ் திருத்த வளைவும் இந்த இன்ஜெக்டருக்கு உரியதாக இருக்க வேண்டும்.

டேட்டா ஷீட் எதுவும் இல்லாத இன்ஜெக்டர். டெட் டைமை எப்படிக் கண்டுபிடிக்கறது?

இன்ஜெக்டர் கிளீனிங் மிஷின் வைத்திருக்கும் கடைக்குப் போங்கள். வரிசையாகக் கண்ணாடிக் குழாய் வைத்து, துடிப்பின் நீளத்தையும் எண்ணிக்கையையும் அமைக்க முடிகிற மிஷினாக இருக்க வேண்டும். 3 மில்லிசெகண்டில் 1000 துடிப்பு அடித்து, குழாயில் சேர்ந்ததைக் குறியுங்கள். பிறகு 6 மில்லிசெகண்டில் 1000. முதலில் 15.4 சிசி, அடுத்து 37.4 சிசி என்று வைத்துக்கொள்வோம். 3 மில்லிசெகண்ட் கூடியதற்கு 22 சிசி கூடியது, அதாவது மில்லிசெகண்டுக்கு 7.33. அப்படியானால் 15.4 சிசிக்கு உண்மையில் திறந்திருந்தது 2.1 மில்லிசெகண்ட். நீங்கள் கொடுத்தது 3. மிச்சம் 0.9, அதுதான் அந்த வோல்டேஜில் டெட் டைம். அந்த 7.33-ஐ 60-ஆல் பெருக்கினால் 440. அட்டையில் போட்டது உண்மையா என்பதும் அதே அளவில் தெரிந்துவிடும்.

வண்டியில் மாட்டிய பிறகு ஒரு சோதனை. இன்ஜின் சூடேறி ஐடிலிங்கில் நிற்கட்டும், ஆக்சிஜன் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். லேப்டாப்பில் வோல்டேஜும் வைட்பேண்டும் (எக்ஸாஸ்ட்டில் இருந்து காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் ஆக்சிஜன் சென்சார்) பக்கத்தில் பக்கத்தில் தெரிய வேண்டும். ஹெட்லைட், ஹை பீம், புளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் என்று ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள். 14.1 இருந்த வோல்டேஜ் 13.2-க்கு இறங்கும். வைட்பேண்ட் அசையாமல் நின்றால் வளைவு சரி. லீன் (பெட்ரோல் குறைவு) பக்கம் நகர்ந்தால் கீழ் வோல்டேஜுக்குச் சேர்ப்பது போதவில்லை. ரிச் (பெட்ரோல் அதிகம்) பக்கம் நகர்ந்தால் அதிகம். இருட்டிய பிறகு ஷெட்டில் நின்று, ஒரு கை ஹெட்லைட் சுவிட்சிலும் கண் திரையிலும் வைத்து, கோடு அசையாமல் நிற்கும்வரை நான் இதைச் செய்வேன். அரை மணி நேர வேலை. பின்னால் பல நாள் தலைவலியை இது மிச்சப்படுத்தும்.

ஐடிலிங்ல வைட்பேண்ட் 16, 17 காட்டுது. ஆனா சைலன்சர் பக்கம் நின்னா கண்ணு எரியுது. லீனா, ரிச்சா?

கண்ணை நம்புங்கள். வைட்பேண்ட் பெட்ரோலை அளப்பதில்லை, பெரும்பாலும் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. பெட்ரோல் அதிகமாகி ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடித்தால், எரியாத பெட்ரோலோடு எரியாத காற்றும் முழுசாக வெளியே போகிறது. சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டு லீன் என்கிறது. நீங்கள் இன்னும் பெட்ரோல் சேர்த்தால் இன்னும் மோசமாகும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டில் லீக் இருந்தாலும் இதே பொய் வரும்.

ஐடிலிங் கட்டங்களில் 5 சதவீதம் குறைத்துப் பாருங்கள். மேப் சென்சார் காட்டும் இன்டேக் மேனிஃபோல்டு அழுத்தம் இறங்கி, இன்ஜின் சத்தம் சீரானால், ரிச்சாகத்தான் இருந்திருக்கிறது.

சூடா இருந்தா உடனே ஸ்டார்ட் ஆகுது. காலையில பிளக் நனைஞ்சு போகுது.

ஸ்டார்ட்டுக்கு முந்தைய பிரைமிங் துடிப்பைப் பாருங்கள். ஸ்பீடுயினோவில் கிராங்கிங், வார்ம்-அப், ஆக்சிலேட்டர் திருத்தங்கள் எல்லாம் சதவீதத்தில் இருப்பதால், ரெக்வயர்டு ஃபியூவல் மாறியதும் அவையும் கூடவே மாறிவிடும். பிரைமிங் மட்டும் மில்லிசெகண்டில் இருக்கிறது. அது பழைய எண்ணிலேயே நின்று கிட்டத்தட்ட இரட்டிப்புப் பெட்ரோலை ஊற்றுகிறது. அதையும் 240-ஆல் பெருக்கி 440-ஆல் வகுத்துப் போடுங்கள். மற்ற ஈசியூ வைத்திருப்பவர்கள் எந்தெந்தப் பெட்டி மில்லிசெகண்டில் இருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பட்டியல் எடுங்கள். மெகாஸ்குவர்ட் சிலவற்றில் ஆக்சிலேட்டர் திருத்தமும் மில்லிசெகண்டில் வரும்.

குளிர் ஸ்டார்ட் டியூனிங்குக்குப் பொறுமை வேண்டும். நாளைக்கு ஒரு வாய்ப்புதான், முதல் ஸ்டார்ட் முடிந்ததும் இன்ஜின் சூடாகிவிடும். ஒரு காலைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, குறித்து வையுங்கள்.

ஆக்சிலேட்டரைச் சட்டுனு மிதிச்சா ஒரு நொடி திணறுது.

மேலே சொன்னதெல்லாம் சரியாகும்வரை அதைத் தொடாதீர்கள். டெட் டைம் தவறாக இருக்கும்போது சரிசெய்த ஆக்சிலேட்டர் திருத்தம், டெட் டைம் சரியானதும் தவறாகிவிடும்.

ரோட்டுலயே டியூன் பண்ணிடலாமா, டைனோ கட்டாயமா?

ஐடிலிங், மெதுவான ஓட்டம், சீரான வேகம் வரைக்கும் ஓடிக்கொண்டே செய்யலாம். ஓட்டுபவர் ஓட்ட மட்டும், லேப்டாப் பக்கத்து சீட்டுக்காரர் மடியில். பூஸ்ட் (டர்போ தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்) ஏறும் பகுதிக்குப் பொது ரோடு சரிப்படாது. டைனோ (வண்டியை நின்ற இடத்திலேயே உருளைமேல் ஓட்டி அளக்கும் மிஷின்) வேண்டும், இல்லையென்றால் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை போன்ற டிராக்கில் நாள் கிடைக்கும்போது செய்யுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. டர்போ சேர்த்த வண்டிகள் டிராக்குக்கானவை என்றே நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

பூஸ்ட் பகுதியை எப்போதும் ரிச் பக்கத்திலிருந்து அணுகுங்கள். முதலில் பெட்ரோல் அதிகம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இலக்குக்கு வரவேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் பிஸ்டன் உருகும்.

பெட்ரோல்ல எத்தனால் கலந்து வருதே, இன்னும் 14.7னு வெச்சு டியூன் பண்ணலாமா?

லாம்டாவுக்கு மாறுங்கள். இப்போதுள்ள காற்று-பெட்ரோல் விகிதத்தை அந்தப் பெட்ரோலுக்குச் சரியான விகிதத்தால் வகுத்தால் வருவதுதான் லாம்டா. சுத்தப் பெட்ரோலுக்கு 14.7, எத்தனாலுக்கு 9. 20 சதவீதம் கலந்தால் ஏறத்தாழ 13.5. வைட்பேண்ட் உண்மையில் லாம்டாவைத்தான் அளக்கிறது, அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. எந்தப் பெட்ரோலாக இருந்தாலும் சரியாக எரிந்தால் லாம்டா 1.0. பூஸ்ட்டில் 0.80 பக்கம் என்பது என் வழக்கம். 2025-ல் நாட்டின் சராசரிக் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. ரெக்வயர்டு ஃபியூவல் கணக்கிலும் 13.5 போட்டால், டேபிள் எண்கள் இன்ஜினின் மூச்சைக் காட்டுவதாகவே நிற்கும்.

புது இன்ஜெக்டருக்குப் பதிலா பிரஷரைக் கூட்டிட்டா என்ன?

கொஞ்சம் கிடைக்கும். அளவு, பிரஷரின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். 3 பாரிலிருந்து 4 பார் என்றால் 15 சதவீதம் மட்டும். அதற்காகப் பம்ப் கூடுதலாக உழைக்கிறது, டெட் டைமும் மாறுகிறது.

ரெகுலேட்டரின் வாக்குவம் ஹோஸ் இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் 0.7 பார் பூஸ்ட் வரும்போது, 3 பார் அழுத்தத்தில் மிஞ்சுவது 2.3 மட்டும். சரியாகப் பெட்ரோல் வேண்டிய அந்த நேரத்தில் 12 சதவீதம் குறைகிறது.

என்னோடது தனி ஈசியூ இல்ல, பிக்கிபேக். இதே கணக்குத்தானே?

இல்லை. பிக்கிபேக் என்பது ஒரிஜினல் ஈசியூவை வைத்துக்கொண்டே அதன் சிக்னல்களை நடுவில் மாற்றும் துணைப்பெட்டி. இங்கே ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சில பிக்கிபேக்குகள் பெட்ரோலைக் குறைக்க, காற்று சென்சாரின் சிக்னலைக் குறைத்து ஒரிஜினல் ஈசியூவை ஏமாற்றுகின்றன. காற்று குறைவு என்று நம்பியதும் ஈசியூ பெட்ரோலை மட்டும் குறைப்பதில்லை. லோடு குறைவு என்று எண்ணி இக்னிஷனையும் (பிளக் பொறி விடும் நேரத்தையும்) முன்னால் தள்ளிவிடுகிறது. உண்மையில் சிலிண்டரில் முழு லோடு இருக்கிறது. வைட்பேண்ட் அழகாகக் காட்டும், உள்ளே நாக்கிங் (கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்து இன்ஜினைத் தட்டுவது) நடக்கும். சிக்னலைக் குறைத்த அளவுக்கு இக்னிஷனைப் பின்னால் இழுக்க வழியில்லாத பிக்கிபேக்கில் பெரிய இன்ஜெக்டர் போட வேண்டாம்.

தனி ஈசியூவில், இக்னிஷன் டேபிள் மேப் சென்சாரையும் ஆர்பிஎம்மையும் பார்ப்பதால் இன்ஜெக்டர் மாறியதற்காக அதைத் தொட வேண்டியதில்லை.

எல்லாம் நீங்க சொன்னபடியே போட்டேன் சார். ஆனாலும் ஐடிலிங் மட்டும் 10 சதவீதம் ரிச். மூச்சு மாறலைன்னா டேபிள் ஏன் பொருந்தல?

பழைய டேபிள் உண்மையைச் சொல்லியிருக்காது. பழைய இன்ஜெக்டரின் டெட் டைம் தவறாக இருந்து, அதை யாரோ ஐடிலிங் கட்டங்களில் எண்ணை ஏற்றிச் சமாளித்திருப்பார்கள். இப்போது டெட் டைம் சரியானதும் அந்தச் சமாளிப்பு வெளியே வருகிறது. ஹெட்லைட் சோதனையில் தேறிவிட்டீர்கள் என்றால், இந்த முறை வீ.ஈ. எண்களைக் குறைப்பதுதான் சரி.

குறைத்த பிறகும் சீராகவில்லையா, நாலு பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். என் வண்டிக்கு வாங்கிய ஒரு செட்டில் மூன்று பிளக் இளம் பழுப்பு, ஒன்று மட்டும் சுண்ணாம்பு வெள்ளை. வைட்பேண்ட் நாலையும் கலந்து சராசரி காட்டியதால் திரையில் எல்லாம் சரியாக இருந்தது. கிளீனிங் மிஷினில் போட்டபோது அந்த ஓர் இன்ஜெக்டர் மற்றவற்றைவிட 12 சதவீதம் குறைவாக ஊற்றியது. பூஸ்ட் ஏற்றுவதற்கு முன் பார்த்ததால் பிஸ்டன் பிழைத்தது. அதன் பிறகு அளக்காமல் ஓர் இன்ஜெக்டரையும் நான் மாட்டியதில்லை.

டியூனிங் முடிஞ்சுது. வேற ஏதாவது இருக்கா?

டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். இத்தனை நாள் ரிச்சாக ஓடியதில் பெட்ரோல் ஆயிலில் இறங்கியிருக்கும். வாடை அடித்தாலும், அளவு முன்பைவிட ஏறியிருந்தாலும், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டுத்தான் டிராக்குக்குப் போக வேண்டும்.